மொட்டைமாடியில் கண்ட வெள்ளி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்து எங்கள் பேச்சு எப்போது முடியும், நாடகம் எப்போது தொடங்கும் என்று காத்திருக்கும் சிறுவர் சிறுமியரே!

சங்கத்தின் சேமிப்பிலிருந்து 18,000 ரூபாய் எடுத்துத் தொலைநோக்கி வாங்கலாமா, அன்றி அதே தொகைக்கு நாற்காலிகள் வாங்கலாமா என்று 2024 ஆம் ஆண்டின் கடைசியில் நடந்த வாதம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இன்று பின்னால் நின்றுகொண்டிருக்கும் அன்பர்களைப் பார்க்கும்போது, நாற்காலிக் கட்சியின் பக்கமும் நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் இரண்டே வாக்கு மிகுதியில் தொலைநோக்கி வென்றது. வாங்கி என்ன கண்டீர்கள் என்று கேட்போருக்குக் கணக்கு ஒப்புவிக்கவே இப்போது எழுந்து நிற்கிறோம்.

கருவி பெரிதன்று. நீண்ட குழாய் ஒன்று. அதன் அடியில் நாலரை அங்குல அகலமுள்ள குழியாடி. பக்கவாட்டில் கண் வைத்துப் பார்க்கும் சிறு வில்லை. ஜீவனஹள்ளியில் நம் வீடுகளுக்குப் புழக்கடை ஏது? ஆகவே மொட்டைமாடியே எங்கள் வான் ஆராய்ச்சிக் கூடமாயிற்று. ஒருபுறம் தண்ணீர்த் தொட்டி, மறுபுறம் துணிக்கொடி, நடுவே நாங்கள்.

2025 ஜனவரி முதல் வாரத்தில், மேற்கு வானில் மாலைதோறும் சுடர்விட்ட வெள்ளியை முதன்முதலாகக் காண முயன்றோம். நன்றாக இருட்டட்டும் என்று ஏழரை மணி வரை காத்திருந்ததுதான் நாங்கள் செய்த பிழை. கண்ணைக் கூசச் செய்யும் ஒளித்திரளையும் அதன் ஓரங்களில் நடுங்கிய வண்ணங்களையும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. "இதைத் தெருவிளக்கிலேயே பார்க்கலாமே" என்று நாற்காலிக் கட்சியினர் ஒருவர் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். வெள்ளியைப் போர்த்தியிருக்கும் அடர்ந்த மேகங்கள் தம்மீது விழும் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. இருண்ட வானில் அவ்வொளி கண்ணை மயக்கிவிடும். வானம் நீலமாக இருக்கும் அந்திப் பொழுதே அதனைக் காண ஏற்றது.

இதை அறிந்துகொண்டு, 10 ஆம் நாள், சூரியன் முற்றிலும் மறைந்த சிறிது நேரத்தில் மாடியேறினோம். (சூரியன் வானில் இருக்கும்போது தொலைநோக்கியை அப்பக்கமே திருப்பலாகாது. ஒரு கணம் பார்த்தாலும் கண் போய்விடும். குழந்தைகளே, இதை மட்டுமேனும் மறவாதீர்கள்.) 75 மடங்கு பெருக்கிக் காட்டும் வில்லையை வைத்தோம். வெறுங்கண்ணுக்கு நிலா எவ்வளவு அகலமாகத் தோன்றுமோ ஏறக்குறைய அவ்வளவு அகலத்தில், கத்தியால் நறுக்கியதுபோல் ஒரு பாதி வட்டம் நின்றது. "மற்றப் பாதியை யார் எடுத்துக்கொண்டார்கள்?" என்றார் ஓர் அம்மையார். குழாய்க்குள் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று எட்டிப் பார்த்தவரும் உண்டு.

எதுவும் அடைத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்குத் தன்னொளி கிடையாது. நம் பூமிக்கு உட்புறமான பாதையில் அது 225 நாளில் சூரியனைச் சுற்றுகிறது. சூரியனுக்கு அப்பால் நிற்கும்போது ஏறத்தாழ 26 கோடி கிலோமீட்டர் தொலைவில் சிறிய முழுவட்டமாகவும், நம் பக்கம் நெருங்கும்போது ஏறத்தாழ 4 கோடி கிலோமீட்டரில் பெரிய மெல்லிய பிறையாகவும் காட்சி தருகிறது. பூமியையே எல்லாம் சுற்றுகின்றன என்ற பழைய கொள்கை சரியாயின் இந்த முழுவட்டம் தோன்றவே இயலாது. இத்தாலியில் கலிலியோ 1610 ஆம் ஆண்டில் இப்பிறையைக் கண்டு அக்கொள்கையை அசைத்தார். அவருடைய கருவி நம் சங்கத்துக் கருவியைவிடச் சிறியது என்பதில் எங்களுக்குச் சற்றுப் பெருமை உண்டு.

பிப்ரவரி 1 ஆம் நாள் மாலை இளம்பிறையும் வெள்ளியும் அருகருகே நின்றன. அன்று மாடியில் நிற்க இடமில்லை. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "நிலாவின் பிறை ஒரு பக்கம் பார்க்கிறது, குழாயில் வெள்ளியின் பிறை எதிர்ப்பக்கம் பார்க்கிறதே! சூரியன் ஒன்றுதானே?" என்று கேட்டாள். நாங்கள் விழித்தோம். பிறகு அவளே குழாயை நிலாவின் பக்கம் திருப்பச் சொன்னாள். நிலாவும் தலைகீழாகத் தெரிந்தது! கருவிதான் உருவத்தைக் கவிழ்க்கிறது என்பது விளங்கிற்று. நாற்பது வயதுக்காரர் எவருக்கும் அது தோன்றவில்லை.

இவ்வளவு நாளும் மாடிக்கு வராதவர் ஒருவர் உண்டு. சித்திரை முதல் நாள் நம் சங்கத்தில் பஞ்சாங்கம் படிக்கும் பெரியவர் அவர். "இதைக் காட்டிக் காட்டியே பிள்ளைகள் நாளை பஞ்சாங்கத்தைக் கேலி செய்யும்" என்று கூட்டத்திலேயே சொல்லியிருந்தார். அவர் அச்சத்தை எளிதில் தள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. ஊரைவிட்டு வந்த நம்மிடம் ஊரிலிருந்து வந்தவை மிகச் சிலவே. அவற்றில் ஒன்றைப் பிள்ளைகள் நகைக்கக் காண்பது எவருக்கும் சுடும்.

இந்தச் சிக்கலில் நாங்கள் நினைத்துக்கொண்டவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். சென்னை வானாய்வுக் கூடத்தில் பணிபுரிந்து, 1867 ஆம் ஆண்டில் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1880 ஆம் ஆண்டில் மறைந்தார். 1874 டிசம்பர் 9 ஆம் நாள் வெள்ளி சூரியனின் முகத்தின் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடந்தது. அதனைப் பொதுமக்களுக்கு விளக்க அவர் உரையாடல் வடிவில் ஒரு சிறுநூல் எழுதினார். அது ஆங்கிலத்தில் மட்டுமன்றிக் கன்னடத்திலும் உருதுவிலும் வெளிவந்தது. அவர் பஞ்சாங்கத்தை நகைத்தவர் அல்லர். கண்ணால் கண்ட அளவைக்கு ஒத்துவரும் பஞ்சாங்கத்தைத் தாமே வெளியிட்டவர். அவர் உழைத்த கூடத்தின் மரபில் வந்ததே நம் பெங்களூரில் கோரமங்கலாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம்.

இவ்வரலாற்றைச் சொல்லிப் பெரியவரை அழைத்தோம். அவர் அசையவில்லை. அவரை அசைத்தது அவருடைய பேத்தி. திருமணத்துக்கு நாள் பார்த்தபோது, "சுக்கிர மௌட்யம், இப்போது வேண்டாம்" என்றாராம். "சுக்கிரன் மறைவது என்றால் என்ன தாத்தா? எனக்குக் காட்டுங்கள்" என்று அவள் கைப்பிடித்து மூன்று மாடி ஏற்றிவிட்டாள். அன்று மார்ச் 10. வெள்ளி ஜனவரியில் கண்டதைப்போல் இரு மடங்குக்கு மேல் பெரிதாகி, நகக்கீற்றுப்போல் மெலிந்து, மேற்கே தாழ்ந்துகொண்டிருந்தது.

பெரியவர் நெடுநேரம் வில்லையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்களும் வாய் திறக்கவில்லை. "அறுபது ஆண்டாக இதைப் படித்து வருகிறேன். இன்றுதான் பார்த்தேன்" என்றார். பிறகு பையிலிருந்த பஞ்சாங்கத்தைப் பிரித்துக் கைவிளக்கொளியில் மௌட்யம் தொடங்கும் நாளைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்.

அதன்பின் நாள்தோறும் அவரே முதலில் வந்தார். வெள்ளி ஒவ்வொரு மாலையும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நோக்கி இறங்கியது. 17 ஆம் நாளுக்குப் பின் எங்கள் மாடிக்கு அகப்படவில்லை. 23 ஆம் நாள் அது பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட பக்கத்தைக் கடந்து, ஏப்ரல் முதல் வாரத்தில் கிழக்கே விடிவெள்ளியாக நின்றது. பாலுக்குப் போகும் வழியில் அதை முதலில் கண்டு எங்கள் கதவைத் தட்டி எழுப்பியவரும் அவரே. மணி ஐந்தரை.

பேத்தியின் திருமணம் அவர் குறித்த நாளிலேயே நடந்தது. கேலி செய்யும் என்று அவர் அஞ்சிய பிள்ளைகள் இப்போது அவரிடம் பஞ்சாங்கம் பார்க்கக் கற்கின்றன. கணக்கில் ஐயம் வந்தால் அவரையே மாடிக்கு இழுக்கின்றன, அவருடைய முழங்கால்தான் பாவம்.

பூமியும் வெள்ளியும் ஒரே நிலைக்குத் திரும்ப 584 நாள் ஆகும். அப்படி ஐந்து முறை கூடினால் எட்டு ஆண்டுக்கு இரண்டொரு நாளே குறைவு. ஆகவே 2033 ஜனவரியில் அதே மேற்கு மூலையில், அதே பாதி வட்டமாக வெள்ளி நிற்கும். ஐந்தாம் வகுப்புச் சிறுமி அன்று கல்லூரியில் இருப்பாள். வில்லையின் மூடி ஒன்று காணாமற் போயிருக்கிறது. எடுத்தவர் தயைகூர்ந்து செயலாளரிடம் சேர்ப்பிக்கவும்.