தொட்டிலைச் சூழ்ந்த நஞ்சு

(தாய்மார் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளை பிறந்த வீட்டிற்கு வெறுங்கையோடு எவரும் வருவதில்லை. அத்தை ஒருத்தி பூச்சுத்தூள் கொண்டுவருவாள். மாமன் கிலுகிலுப்பையும் நெகிழிப் பாவையும் வாங்கி வருவான். அண்டை வீட்டார் வழலைக்கட்டி, எண்ணெய், பால்புட்டி, கண்மைச் சிமிழ் எல்லாவற்றையும் ஒரு கூடையிலிட்டுத் தருவர். ஒரு கிழமைக்குள் தொட்டிலருகே சிறு கடையொன்றே விரிந்துவிடும். அப்பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்புறம், பல் முளையாத வாயால் சிரிக்கும் குழவியின் படம். பின்புறம், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில், ஆங்கிலத்தில், உள்ளே இருப்பவை இன்னின்னவென ஒரு பட்டியல். தாய் படத்தைப் பார்க்கின்றாள். பட்டியலை அவளால் படிக்க இயலாது. ஆங்கிலம் கற்ற தாயோ அதனைப் படிப்பாள். ஆனால் அவளுக்கும் அது விளங்காது. விளங்கவேண்டும் என்னும் கருத்தோடு எழுதப்பட்டிருந்தாலன்றோ விளங்கும்!

குழவி என்பது சிறிய அச்சில் வார்த்தெடுத்த பெரியவர் அன்று. வளர்ந்த மாந்தர் ஒரு மணித்துளியில் 12 முதல் 20 முறை மூச்சிழுப்பர். பிறந்த பிள்ளையோ 30 முதல் 60 முறை இழுக்கும். எடையோடு ஒப்பிட்டால் அதன் தோற்பரப்பு பெரியவர் தோற்பரப்பினும் இரு மடங்கிற்கு மேல். அத்தோலும் மெல்லியது, துணிக்கட்டின் ஈரத்தில் ஊறிச் சிவந்த இடத்தில் இன்னும் மெல்லியது. நஞ்சை முறித்து வெளியேற்றவேண்டிய ஈரலும் சிறுநீரகமும் முழு வலிமை பெற்றிரா. தவழத் தொடங்கிய பிள்ளைக்குத் தரையே உலகம். கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்கே போகும். இவ்வளவிற்கும் மேலாக, அதன் மூளை அந்த ஆண்டுகளில்தான் விரைந்து கட்டப்பெறுகின்றது. கட்டி முடித்த சுவரில் விழும் கல்லும் கடைக்காலில் விழும் கல்லும் ஒன்றாகா.

பிரெஞ்சு நாட்டில் 1972ஆம் ஆண்டு நிகழ்ந்ததை இங்குக் கூறியே ஆகவேண்டும். அங்குக் குழவியர்க்கென்றே விற்கப்பட்ட பூச்சுத்தூள் ஒன்றன் ஒரு தொகுதியில், எக்சாகுளோரோபீன் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி தவறுதலாக நூற்றுக்கு ஆறு பங்கிற்கும் மேல் கலந்துவிட்டது. நன்றாக இருந்த பிள்ளைகள் சோர்ந்து துவண்டன, வலிப்புக் கண்டன. மருத்துவர்க்குக் காரணம் உடனே புலப்படவில்லை. பூச்சுத்தூளை யார் ஐயுறுவார்? தோல்வழியே உள்ளிறங்கிய அந்நஞ்சு மூளையைத் தாக்கியிருந்தது. 204 பிள்ளைகள் நோயுற்றனர்; 36 பிள்ளைகள் மாண்டனர். தன் கையாலேயே, அன்போடு, ஒவ்வொரு துணி மாற்றும்போதும் அதனைத் தூவிய அன்னையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இது கலவையில் நேர்ந்த பிழைதானே என்பர். அளவு பிழைதான். ஆனால் அப்பொருள் திருட்டுத்தனமாக நுழைந்த ஒன்றன்று. தூய்மையின் பெயரால் போற்றப்பட்ட ஒன்று. அமெரிக்க மருத்துவமனைகளில் பிறந்த பிள்ளைகளை அது கலந்த கரைசலாலேயே குளிப்பாட்டி வந்தனர். அதே 1972இல்தான், மருத்துவர் சீட்டின்றி அதனை விற்கலாகாதென அந்நாட்டரசு கட்டுப்படுத்தியது. தூய்மை வேறு, நுண்ணுயிர்க்கொல்லி வேறு என்னும் தெளிவு பிறக்க அத்தனைத் தொட்டில்கள் வெறுமையாக வேண்டியிருந்தது.

பூச்சுத்தூளைப் பற்றி இன்னும் ஒரு சொல். அதன் அடிப்பொருள் மாக்கல்லைப் பொடித்த தூள். நஞ்சு ஏதும் கலவாவிடினும் அது மூச்சோடு நுரையீரலுள் புகுவது தீங்கே. 2024ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகவாண்மை, மாக்கல்லைப் புற்றுநோய் விளைக்கக்கூடும் என்னும் பொருள்களின் வரிசையில் வைத்தது. பிள்ளைக்குப் பூச்சுத்தூளால் ஆகும் நன்மைதான் யாது? மணம் ஒன்றே. குளித்த குழவிக்கு மணம் குறைவென்று எந்தத் தாய் முறையிட்டாள்?

இனி, ஈயம். தமிழில் ஈயம் என்னும் ஒரு சொல் இரண்டு மாழைகளைச் சுட்டி நிற்கின்றது. ஒன்று வெள்ளீயம், செம்பு, பித்தளைக் கலங்களின் உட்புறம் பூசுவதும், சாறு காய்ச்சும் ஈயச்சொம்பு வார்ப்பதும் அதனாலேதான். மற்றொன்று காரீயம், அது கொடிய நஞ்சு. முன்னோர் இரண்டிற்கும் இரு பெயர் வைத்தே வழங்கினர். முன்னொட்டை நறுக்கிவிட்டு இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகியதால், ‘பாட்டி காலத்து ஈயந்தானே, அது என்ன செய்யும்?’ என்னும் மயக்கம் இன்று நிலைத்துவிட்டது. வெள்ளீயம் என்று சொல்லிக் காரீயம் கலந்து பூசும் வணிகர்க்கும் அம்மயக்கமே துணை.

காரீயம் பிள்ளையின் உடலில் செய்யும் கேடு நேற்றுக் கண்டதன்று. ஆத்திரேலியாவின் குயின்சுலாந்தில், பிரிசுபேன் நகரின் கண்மருத்துவர் கிப்சன், பார்வை நரம்பும் கைகால்களும் கெட்டுவந்த சிறுவர் பலரைக் கண்டார். அவர்கள் வீட்டுத் திண்ணைக் கைப்பிடிகளிலும் சுவர்களிலும் பூசிய வெள்ளை வண்ணம் வெயிலில் பொடிந்து, விளையாடும் பிள்ளைகளின் விரலில் ஒட்டி, வாய்க்குள் போவதே காரணம் என 1904இல் எழுதினார். அந்த மாநிலம் 1922இல் சட்டம் இயற்றியது. அமெரிக்கா வீட்டு வண்ணங்களில் காரீயத்தை விலக்க 1978 ஆயிற்று. இந்தியாவில், வண்ணப்பூச்சின் பத்து நூறாயிரம் பங்கில் காரீயம் 90 பங்கை மிஞ்சலாகாது என்னும் விதி 2016இல் எழுதப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு மருத்துவர் உண்மையைச் சொல்லி அது இங்கு விதியாக 113 ஆண்டுகள்! அதற்கு முன் பூசிய கதவும் சன்னலும் தொட்டிற்கட்டையும் இன்னும் எத்தனையோ வீடுகளில் நிற்கின்றன. அவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டித் தேய்ப்பது, விட்டுவைப்பதினும் கேடு. ஈரமாக்கித் துடைத்து, மேலே புதுப்பூச்சு இடுவதே தக்கது. அவ்வேளையில் பிள்ளையும் சூலுற்ற தாயும் அவ்வீட்டில் இருத்தல் ஆகாது.

வெளிப்படையாக நோயுறாத பிள்ளைக்கும் தீங்குண்டோ என்னும் வினாவிற்கு, அமெரிக்க மருத்துவர் எர்பர்ட்டு நீடில்மன் விடை தேடிய முறை நினைக்கத்தக்கது. பாசுட்டன் நகரை அடுத்த பள்ளிகளில், பிள்ளைகள் உதிர்த்த பாற்பற்களை அவர் திரட்டினார். பல்லில் காரீயம் மிகுந்த பிள்ளைகள் அறிவுத்திறன் தேர்வில் தாழ்ந்திருந்தனர். அவர்கள் கவனமும் சிதறியிருந்தது. இஃது 1979இல் வெளிவந்தது. ஈயத் தொழிலோடு தொடர்புடையோர் பின்னாளில் அவர்மேல் பழி சுமத்திப் பார்த்தனர். உசாவலில் அப்பழி நிற்கவில்லை. வளர்ந்தவர் குடல் ஏற்கும் காரீயத்தைப்போல் நான்கைந்து மடங்கைப் பிள்ளையின் குடல் ஏற்கும் என்றும், தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. உணவில் இரும்பும் சுண்ணமும் குறைந்த பிள்ளை இன்னும் மிகுதியாக ஏற்கும். ஏழைப்பிள்ளையை இரு முறை வருத்தும் நஞ்சு இது. ஒன்றிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் மூன்று பிள்ளைகளில் ஒருவர் குருதியில், கவலைக்குரிய அளவில் காரீயம் உள்ளது. தொகை ஏறத்தாழ 80 கோடி.

அது வீட்டிற்குள் வரும் வழிகளில் இரண்டைக் கூறலாம். ஒன்று கண்மை. தமிழ்வீடுகளில் விளக்கெண்ணெய்த் திரியின் புகைக்கரியைப் படியவிட்டு மை கூட்டினர். வடக்கிலும் மேற்காசியாவிலும் வழங்கும் சுருமா என்பதோ பலவிடங்களில் காரீயமும் கந்தகமும் சேர்ந்த கல்லின் பொடி. இன்று கடையில் விற்கும் சிமிழில் இருப்பது எது என்று எந்தத் தாய் அறிவாள்? 2011இல் பாசுட்டன் நகரில் ஆறு திங்கள் பிள்ளையொன்றன் குருதியில் காரீயம் ஏறியதற்கு, நைசீரியாவிலிருந்து வந்த கண்மையே காரணமெனக் கண்டறிந்தனர். அம்மையில் பாதிக்கு மேல் காரீயமாக இருந்தது. வீட்டு மையே ஆயினும் அது கண்ணுக்கு ஒளி தருவதில்லை. ஆசை விடாதென்றால் கன்னத்திலோ உள்ளங்காலிலோ ஒரு பொட்டோடு நிறுத்துக. கை வாய்க்குப் போகும் பருவத்தில் அதுவும் வேண்டா.

மற்றொன்று மஞ்சள். உணவிலும் குளியலிலும் பிள்ளையைத் தொடும் பொருள். வங்கதேசத்தில் மஞ்சட்கிழங்கிற்கு நிறம் ஏற்ற ஈயக் குரோமேட்டு என்னும் மஞ்சள் வண்ணத்தைப் பூசி விற்றனர்; சூலுற்ற தாய்மாரின் குருதியில் காரீயம் ஏறியதை ஆய்ந்தவர்கள் அதன் தடம் பற்றி மஞ்சட் கடைக்கே வந்து சேர்ந்தனர். 2019இல் சந்தையில் எடுத்த மஞ்சளில் 47 விழுக்காட்டில் காரீயம் இருந்தது. அரசு கடைகளில் ஆய்வு நடத்திற்று. குற்றவாளிகளுக்குத் தண்டம் விதித்தது. ஊர்தோறும் அறிவிப்புகளை ஒட்டிற்று. 2021இல் அவ்விழுக்காடு சுழியாயிற்று. பெருஞ்செல்வ நாடொன்றும் செய்யாத விரைவு! ஆனால் ஒன்று: கிழங்காக வாங்கி அரைத்தால் தப்பலாம் என்று எண்ணிவிட வேண்டா. அங்கே மெருகேற்றும் நிலையிலேயே கிழங்கின்மேல் பூசினர். கண்ணைப் பறிக்கும் மஞ்சளை விட்டு, மெருகேற்றாத மங்கிய கிழங்கைத் தேர்வதே நன்று.

அடுத்துப் பால்புட்டி. கடினமும் ஒளியூடுருவும் தன்மையும் உடைய நெகிழிப் புட்டிகள் நெடுங்காலம் பிசுபீனால் ஏ என்னும் பொருளால் ஆக்கப்பட்டன. அது பெண்மைச் சுரப்பினைப்போல் உடலில் நடிக்கக்கூடியது என்பதை இலண்டன் ஆய்வாளர் தாட்சு 1936இலேயே காட்டியிருந்தார். தெரிந்தே அது பின்னர்ப் புட்டியாயிற்று! கனடா 2010இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் பால்புட்டியில் அதனைத் தடை செய்தன; இந்தியத் தர அமைவனம் 2015இல் அதனை விலக்கியது. 2023இல் ஐரோப்பிய உணவுக்காப்பு முகவாண்மை, ஒருவர் நாள்தோறும் ஏற்கத்தகும் அளவை முன்பிருந்ததில் இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. விலக்கிய இடத்தில் வணிகர் வைத்ததோ, பல பொருள்களில், அதன் உடன்பிறப்பான பிசுபீனால் எசு. பெயர்ப்பலகையில் ‘ஏ இல்லை’ என்று பெரிதாக அச்சிடுவர். ‘எசு உண்டு’ என்று அச்சிடுவாரோ?

வேறு நெகிழியாயின் போதுமோ எனின், அதுவும் போதாது. 2020இல் அயர்லாந்தின் தப்ளின் நகர ஆய்வாளர்கள், பாலிப்புரோப்பிலீன் புட்டியில் சுடுநீரூற்றிக் குலுக்கினால் ஒரு லிட்டரில் 1.6 கோடி வரையிலும் நெகிழி நுண்டுகள்கள் உதிர்வதைக் கண்டனர். தாய்ப்பாலிற்கு நிகர் இல்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டம் பால்மாவிற்கும் பால்புட்டிக்கும் விளம்பரமே கூடாதென்கின்றது. பிறபால் ஊட்டியே ஆகவேண்டிய பிள்ளைக்குப் பாலாடை இருக்கின்றது. சங்கின் வடிவில் மூக்கு நீண்ட அச்சிறுகலம் தமிழ்நாட்டு வீடுகளில் பரணேறிவிட்டது. ஆனால் எடை குறைந்து பிறந்த பிள்ளைகளுக்கு மருத்துவமனைகளில் அதனாலேயே ஊட்டுகின்றனர். நெகிழியில் வாங்காமல் துருவேறா எஃகில் வாங்குக, கழுவுவதும் எளிது. புட்டியே வேண்டுமெனின் கண்ணாடிப் புட்டி. பாலை வேறு கலத்தில் கலந்து ஆறவைத்து ஊற்றுக.

அந்துருண்டை இட்ட பெட்டியிலிருந்து எடுத்த பழந்துணியைத் துவைத்து வெயிலில் உலர்த்தாமல் பிள்ளைக்குச் சுற்றலாகாது. பிறவியிலேயே ஒரு நொதியம் குறைந்த பிள்ளைகளுக்கு அதன் நாப்தலீன் ஆவி சிவப்பணுக்களைச் சிதைத்து, கடும் மஞ்சட்காமாலையை விளைக்கும். பெட்டிக்கு வேப்பிலை போதும். மூக்கடைப்பிற்குச் சூடம் கலந்த களிம்பைக் குழவியின் மூக்கருகே தடவுவதும், சூடத்தை எட்டும் இடத்தில் வைப்பதும் வலிப்பிற்கு வழி. கொசுச்சுருள் ஒன்று எரிந்தால் வரும் நுண்புகை 75 முதல் 137 வெண்சுருட்டுப் புகைக்கு நிகரென 2003இல் அளந்து வெளியிட்டனர். கொசுவலை மலிவானது, அது மணப்பதுமில்லை.

பழையதெல்லாம் நன்று என்று மார்தட்டுவோர்க்கும் ஒரு சொல். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்ற வசம்பைச் சுட்டு உரைத்து நாவில் தடவுவது வழக்கம். அதிலுள்ள ஆசரோன் என்னும் பொருள் எலிகளில் புற்று விளைத்ததால் 1968இல் அமெரிக்கா அதனை உணவிலிருந்து விலக்கியது. தமிழ்ப்பெயர் உடையது என்பதற்காக நஞ்சு நஞ்சாகாமல் போய்விடாது. மெய்ம்மையே தமிழன் கொள்கை.

விளையாட்டுப் பாவைகளைப் பற்றிச் சிறிதே சொல்லவேண்டியுள்ளது. நெகிழியை மென்மையாக்கும் தாலேட்டுகள் மெல்லும் வாய்க்குள் கசிவன. 2021 சனவரி முதல் இந்தியாவில் தரமுத்திரை இல்லாப் பாவைகளை விற்கலாகாது. திருவிழாக் கடைகளில் அம்முத்திரையைத் தேடிப் பாருங்கள்!

எஞ்சியது மொழி. பொதிபொருள் பற்றிய 2011ஆம் ஆண்டு விதிகளும், உணவுப்பொருள் அட்டைகள் பற்றிய 2020ஆம் ஆண்டு விதிகளும், கட்டாயக் குறிப்புகள் ஆங்கிலத்திலோ நாகரி எழுத்திலமைந்த இந்தியிலோ இருக்கவேண்டும் என்கின்றன. பிறமொழியைக் கூடுதலாகச் சேர்த்தால் தடையில்லையாம்! தமிழ்நாட்டில் விற்று, தமிழ்த்தாய் வாங்கி, தமிழ்ப்பிள்ளையின் வாய்க்குள் போகும் பொருளில் தமிழ் இருப்பது தடையில்லாத ஒன்றாம், கட்டாயமான ஒன்றன்றாம். சூடு ஏற்றாதே, மூன்று அகவைக்குக் கீழ்ப்பட்டார்க்கு ஆகாது, கண்ணில் படவிடாதே என்னும் எச்சரிக்கையைப் படிக்க முடியாதவளுக்கு அவ்வெச்சரிக்கை அச்சிடப்படவே இல்லை என்றுதான் பொருள்.

அவ்விதிகளிலேயே ஒரு கதவும் திறந்திருக்கின்றது. ஒவ்வொரு பொதியின்மேலும், குறையுடையார் எழுதுதற்கென ஒரு பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் அச்சிடப்பெற வேண்டும். இன்று வீடு திரும்பியதும் தொட்டிலருகே உள்ள பொதியை எடுத்து அம்முகவரியைப் பாருங்கள். ஓர் அஞ்சலட்டையில் இரண்டே வினாக்கள் எழுதுங்கள்: இதனுள் இருப்பவை யாவை? இதனை ஏன் தமிழில் அச்சிடவில்லை? மறுமொழி வந்தால் அதனை அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவாருங்கள். வாராவிடின் அந்தப் பொதியைக் கொண்டுவாருங்கள்.