கப்பலில் போனார்கள், நடந்து திரும்பினார்கள்



விடுமுறை விட்டால் மலைக்குப் போகிறவர்கள் உண்டு, மாமியார் வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. மேற்கே ஒரு கூட்டம் நடப்பதற்கென்றே விடுமுறை எடுக்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் பக்கம், அட்லாண்டிக் கடல் பாறையில் மோதிச் சிதறும் கரையின் விளிம்பிலேயே ஒரு நடைபாதை போகிறது. சுற்றி வளைத்து மொத்தம் 1,014 கிலோமீட்டர். முதுகில் பை, கையில் கோல், மேலே மழைக்கோட்டு, எந்நேரமும் காற்று. அந்தத் தடத்தைப் போட்டவர்கள் உல்லாசப் பயணிகள் இல்லை. கடத்தல்காரர்களைப் பிடிக்க இரவெல்லாம் ரோந்து சுற்றிய கரைக்காவலர்கள். ஒவ்வொரு குடாவுக்குள்ளும் எட்டிப் பார்த்தாக வேண்டும் என்பதால்தான் பாதை அவ்வளவு ஓரத்தில் போகிறது. போர்ச்சுக்கல்லின் தென்மேற்குக் கரையிலும் இப்படி ஒன்று உண்டு. தூண்டில் போடப் பாறைகளுக்கு இறங்கிய மீனவர்களின் காலடித் தடம் அது. ஒரு தலைமுறை வயிற்றுக்காக நடந்த வழியில், இன்னொரு தலைமுறை காசு செலவழித்து நடக்கிறது.

தமிழர்களுக்கும் அப்படி ஒரு கரடுமுரடான கடற்கரை வழி உண்டு. கடல் மட்டும் வேறு, நம் வங்காள விரிகுடாதான். கரை, பர்மாவின் அரக்கான் கரை. மலைத்தொடர் நேரே கடலை நோக்கி இறங்கி, கழிமுகமும் அலையாத்திக் காடும் தீவும் உப்பங்கழியுமாகக் கிழிந்து கிடக்கும் கரை. அந்த வழியில் நம் ஆட்கள் லட்சக்கணக்கானவர்களோடு சேர்ந்து நடந்தார்கள். ஒருவரும் விடுமுறைக்கு நடக்கவில்லை. அந்த நடை தொடங்கிய ஊரைத்தான் இன்று உங்களோடு சுற்றிப் பார்க்கப் போகிறேன். ரங்கூன், இன்றைய பெயரில் யாங்கோன்.

1852-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்ததும், ஆற்றங்கரைச் சேற்றை மேடாக்கி, சூலே பகோடாவை நடுவில் வைத்து, சதுரங்கப் பலகை மாதிரி தெருக்களை வரைந்தார்கள். கிழக்கு மேற்காக அகலச் சாலைகள், அவற்றை வெட்டிக்கொண்டு வடக்கு தெற்காக ஒடுங்கிய தெருக்கள். பல தெருக்களுக்கு வெறும் எண்தான் பெயர். வழி தப்பவே முடியாத ஊர். நடக்கிறவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. 2003-ஆம் ஆண்டிலிருந்தே நகரத்துக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. நம் ஊரிலிருந்து போகிறவருக்கு இது சொர்க்கம். ஆனால் சாலையைக் கடக்கும்போது மட்டும் உஷாராக இருக்க வேண்டும். 1970-இல் போக்குவரத்தை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். நம் பழக்கத்தில் வலது பக்கம் பார்த்துவிட்டுக் காலை வைத்தால் இடது பக்கத்திலிருந்து பஸ் வந்து நிற்கும்.

நடையைக் காலை ஆறு மணிக்கே தொடங்குவது நல்லது. ஆற்றோரம் இருக்கிற பொட்டடாங் பகோடாவிலிருந்து மேற்கே நடந்தால் ஸ்ட்ராண்டு சாலை. ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் வரிசையாக வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்கள். 1901-இல் திறந்த ஸ்ட்ராண்டு ஹோட்டல் இன்னும் மிடுக்காக நிற்கிறது. சாலை நெடுக லாரிப் புகை, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஆனாலும் இந்தச் சாலையில்தான் நடக்க வேண்டும். ஏனென்றால் நம்மவர்கள் இந்த ஊருக்குள் நுழைந்த வாசல் இதுதான். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பலின் மேல்தளத்தில் ஏறி, சில நாள் வெயிலிலும் வாந்தியிலும் கிடந்து, இந்தத் துறைமேடைகளில் தகரப்பெட்டியோடு இறங்கினார்கள். மூட்டை தூக்க வந்தவர், ரைஸ் மில்லுக்கு வந்தவர், வயலில் அறுப்புக்கு வந்தவர், கணக்கெழுத வந்தவர். தெலுங்கரும் வங்காளிகளும் ஒரியாக்காரர்களும் கூடவே. 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூனில் இருந்த நான்கு லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். சொந்த ஊரிலேயே பர்மியர் சிறுபான்மை ஆகிவிட்டார்கள். அவர்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. 1930-இலும் 1938-இலும் கலவரம் வெடித்தது.

பான்சோடன் தெருவில் திரும்பினால் நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள். 1911-இல் கட்டிய செங்கல் நிற உயர்நீதிமன்றத்தைத் தாண்டி, சூலே பகோடாவைச் சுற்றிக்கொண்டு மேற்கே போனால் ஷ்வே பொந்தா தெரு வரும். அந்தக் காலத்து மொகல் தெரு. செட்டிநாட்டுப் பக்கம் வயதானவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். நகரத்தாரின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்த தெரு இது. பெரிய கூடம். ஆளுக்கொரு பெட்டகம், முன்னால் சாய்வு மேஜை, தரையில் பாய். அதுதான் பேங்க். மேலாள், அடுத்தாள், சமையலாள், பெட்டியடிப் பையன் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் மூன்று வருஷக் கணக்கு முடியும்வரை அங்கேயே உண்டு உறங்கினார்கள். பெண்டு பிள்ளைகள் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும். இந்த நகரத்தார் கொடுத்த கடனில்தான் ஐராவதி டெல்டாவின் சதுப்பு நெல்வயலானது. 1930-களில் நெல் விலை விழுந்தபோது, கடன் கட்ட முடியாத குடியானவர்களின் நிலமும் அவர்கள் கைக்கு வந்தது. கீழ்பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. வந்த நிலம் பிற்பாடு கையைவிட்டுப் போயிற்று. செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. தமிழில் பயண எழுத்துக்குப் பேர்போன ஏ.கே. செட்டியாரும் இந்த ஊரில் ‘தனவணிகன்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர்தான்.

இந்தத் தெருக்களில் நடக்கும்போது கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். நாலு மாடி, ஆறு மாடிக் குடியிருப்புகளின் பால்கனியிலிருந்து தரை வரைக்கும் கயிறுகள் தொங்கும். கயிற்று நுனியில் ஒரு கிளிப்போ சின்னப் பையோ இருக்கும். பேப்பர் போடுகிற பையன் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிவிட்டுக் கயிற்றை ஆட்டுவான். மேலே மணி கிணுகிணுக்கும். வீட்டுக்காரம்மா கன்னத்தில் தனகா என்னும் மரப்பட்டைப் பூச்சோடு எட்டிப் பார்த்து, கயிற்றைச் சுருட்டி இழுத்துக்கொள்வார். லிப்ட் இல்லாத கட்டடங்களில் காய்கறி, கரண்ட் பில் எல்லாம் ஏறுவது இப்படித்தான். காரில் போகிறவர் கண்ணில் இது படவே படாது.

வடக்கே இன்னும் கொஞ்சம் நடந்தால் அனவ்ரதா சாலை. முன்பு பிரேசர் தெரு. 1871-இல் தமிழர்கள் எழுப்பிய காளி கோயிலின் கோபுரம் பழவண்டிகளுக்கும் பஸ்களுக்கும் மேலே வண்ணவண்ணமாகத் தெரியும். பக்கத்துத் தெருக்களில் தமிழ் முஸ்லிம்களின் சோலியா பள்ளிவாசலும் உண்டு, வேறு சந்நிதிகளும் உண்டு. கோயிலுக்குள் வரும் இளைஞர்கள் லுங்கி கட்டி, பர்மியப் பெயர் வைத்து, தமக்குள் பர்மியமே பேசிக்கொள்வார்கள். சாமியிடம் மட்டும் தமிழ். வெளியே தள்ளுவண்டியில் தோசை வார்க்கிறார்கள். பர்மியர்களும் அதை நின்று சாப்பிடுகிறார்கள்.

இனி அந்தப் பெரிய நடை.

1941 டிசம்பர் 23. நல்ல பகல் வேளை. ஜப்பான் விமானங்கள் வந்தன. குண்டுவீச்சு என்றால் என்னவென்றே அறியாத ஜனங்கள், பதுங்குவதை விட்டுத் தெருவுக்கு வந்து வானத்தை வேடிக்கை பார்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அன்றே மாண்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் குண்டு விழுந்தது. துறைமுகக் கூலிகளும் துப்புரவுத் தொழிலாளிகளும் மூட்டை கட்டினார்கள். குப்பை அள்ள ஆளில்லாமல் நகரம் நாறியது. கப்பலில் இடம் பிடிக்கக் காசும் வேண்டும், செல்வாக்கும் வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் வடக்கே புரோம் ஊரை நோக்கி நகர்ந்தார்கள். ரயில் கிடைத்தவர் ரயிலில், கிடைக்காதவர் தண்டவாளத்தை ஒட்டியும் சாலையிலும். கப்பல் சரக்கை இறக்க ஆள் வேண்டுமே என்று அதிகாரிகள் அவர்களை வழிமறித்துத் திருப்பவும் பார்த்தார்கள்.

புரோமில் ஐராவதியைக் கடந்தால் எதிரே அரக்கான் யோமா மலை. அதைத் தாண்டி, கடலோரத் தாங்குப் ஊர் வரை சுமார் 175 கிலோமீட்டர். சாலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. மூங்கில் காடு, ஏற்றம், இறக்கம். கோடை நெருங்க நெருங்க ஓடைகள் வற்றின. புரோமிலேயே காலரா பிடித்துக்கொண்டது. மலையேறியவர்களோடு அதுவும் ஏறியது. முதலில் பித்தளைப் பாத்திரத்தை வழியில் போட்டார்கள், பிறகு துணிமூட்டையை. நடக்க முடியாத கிழவர்களை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. மலை இறங்கினால் கடல் தெரியும். ஆனால் அங்கே நின்றது நாட்டுப் படகு. சிறு நீராவிப் படகும் சிலருக்கு வாய்த்தது. தீவுகளுக்கும் கழிகளுக்கும் நடுவே ஊர்ந்து அக்யாப், அங்கிருந்து படகும் நடையுமாகச் சிட்டகாங், அப்புறம் கல்கத்தா, அப்புறம் சென்னைக்கு ரயில்.

ரங்கூன் 1942 மார்ச் 8-இல் வீழ்ந்தது. பின்னால் கிளம்பியவர்கள் மணிப்பூர் வழியாகவும் ஹூகாங் பள்ளத்தாக்கு வழியாகவும் நடந்தார்கள். அங்கே மழையும் அட்டையும். மொத்தம் சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் அந்த வருஷம் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். செத்தவர்களை யாரும் எண்ணவில்லை. பல்லாயிரம் என்று மட்டும் சொல்லலாம். இத்தனை பெரிய யாத்திரைக்கு நம் பாடப்புத்தகங்களில் ஒரு பக்கம்கூட ஒதுக்காதது எனக்கு ஆறாத குறை. 1952-இல் வந்த ‘பராசக்தி’ படத்தின் கதை ரங்கூனிலும் அகதிகள் திரும்பி வருவதிலும் தொடங்குகிறது. முதல் காட்சியில் தியேட்டரில் உட்கார்ந்திருந்த பலருக்கு அது சொந்தக் குடும்பக் கதை.

மூன்று வருஷம் கழித்து இதே ஊரிலிருந்து எதிர்த்திசையில் இன்னொரு நடை. 1945 ஏப்ரல் 24 இரவு, ஆங்கிலப் படை நெருங்கியபோது, சுபாஷ் சந்திர போஸ் தம் ராணுவத்தின் ஜான்சி ராணி படைப் பெண்களை அழைத்துக்கொண்டு ரங்கூனை விட்டுக் கிளம்பினார். அந்தப் பெண்களில் பலர் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவருக்கு அப்போது இருபது வயதுதான் இருக்கும். லாரிகள் சேற்றில் சிக்கின. பகலில் விமானத்துக்குப் பயந்து மரத்தடியில் ஒதுங்குவதும் இரவில் நடப்பதுமாக சித்தாங் ஆற்றைக் கடந்து மௌல்மேன் பக்கம் போனார்கள். காலெல்லாம் கொப்புளம். பெண்களை விட்டுவிட்டுக் காரில் முன்னே போக போஸ் சம்மதிக்கவில்லை.

1942 நடையில் தப்பிப் பிழைத்தவர்களில் பலர் போர் முடிந்ததும் திரும்பவும் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார்கள் என்பதுதான் வேடிக்கை. 1960-களில் பர்மாவின் நே வின் ராணுவ அரசு கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியது. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. கைப்பணமும் போய், இரண்டாம் தடவை வெறுங்கையோடு சென்னையில் இறங்கினார்கள். அவர்களுக்காக உருவானதுதான் பர்மா பஜார். தமிழ்நாட்டில் மனம் ஒட்டாமல் மணிப்பூர் எல்லை வழியாகப் பர்மாவுக்கே திரும்பப் பார்த்த சிலரை எல்லையில் மறித்துவிட்டார்கள். அவர்கள் அங்கேயே மொரே என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். அங்காளபரமேஸ்வரிக்குக் கோயிலும் கட்டினார்கள்.

அரக்கான் கரையில் ஒருநாள் நடைபாதை வருமா, தாங்குப் மலையில் ஒரு கல்லாவது நடுவார்களா, எனக்கு ஆசை உண்டு. இன்று பேச்சுக்கே இடமில்லை. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்தப் பகுதி போர்க்களம். யாங்கோனுக்குப் போக நினைப்பவர்களும் நம் அரசு வெளியிடும் எச்சரிக்கைகளைப் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும். போனால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். மற்ற மாதங்களில் ஒன்று மழை, இல்லையென்றால் சுடும் வெயில். பகோடாவுக்குள் செருப்பு மட்டுமல்ல, காலுறையும் கூடாது. ராணுவத்தாரைப் படம் பிடிக்கவே கூடாது.

இப்போதைக்குப் போக முடியாதவர்கள் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்குங்கள். எதிரே துறைமுக மதில், ரங்கூன் கப்பல் வந்து நின்ற இடம். பர்மா பஜார் கடைகளை ஒட்டி நடந்து, செகண்டு லைன் பீச் தெருவுக்குள் திரும்பினால் அத்தோ என்ற பர்மியப் பண்டம் விற்கும் கடைகள். வெந்த நூடுல்ஸ், பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கிண்ணத்தில் கொட்டிக் கையால் பிசைந்து தருவார்கள். கூடவே சூடாக வாழைத்தண்டு சூப். சாயங்காலம்தான் அங்கே களைகட்டும், அதனால் நடையை நாலரை மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். காரத்தை முதலிலேயே குறைக்கச் சொல்லிவிடுங்கள்.