மூவாயிரம் மணி நேரம்

 

சமூகப்பணிப் பட்டம் பெறும் செல்வங்களே, காலையில் வளாகத்துக்குள் வரும்போதே கவனித்தேன். இத்தனை நாள் திரையில் மட்டும் பார்த்துக்கொண்டவர்கள் இன்றுதான் நேரில் சந்தித்து, "நீ இவ்வளவு உயரமா!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டீர்கள். பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு வகுப்புக்கு வந்தவர்கள் நீங்கள். வேலை முடிந்து வீடு போய்ச் சேர நேரமில்லாமல், காரை ஓரங்கட்டி ஃபோனில் பாடம் கேட்டவர்களும் உங்களில் உண்டு.

2010இல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம் முதுகலைச் சமூகப்பணிப் (எம்.எஸ்.டபிள்யூ.) படிப்பை இணையத்தில் தொடங்கியபோது எங்கள் தொழிலில் பலர் முகம் சுளித்தார்கள். அழுதுகொண்டிருப்பவர் பக்கத்தில் உட்காரத் திரை வழியாகக் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதை எந்த வகுப்பறையும் முழுதாகக் கற்றுத்தந்ததில்லை. வளாகத்தில் படித்தாலும் இணையத்தில் படித்தாலும் குறைந்தது 900 மணி நேரக் களப்பணி வேண்டும் என்பதே அமெரிக்காவின் அங்கீகார விதி. அந்த மணி நேரத்தை நீங்கள் உங்கள் ஊர் மருத்துவமனையிலும் பள்ளியிலும் காப்பகத்திலும் கழித்தீர்கள். இதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் திராட்சையும் பாதாமும் பறிக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு ஸ்பானிய மொழிகூட இரண்டாம் மொழி. வீட்டில் பேசுவது மிஷ்டெக். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி படிக்கவென்று லாஸ் ஏஞ்சலஸ் போனால் திரும்பி வருவது அரிது. அங்கேயே இருந்து படித்தவள் அங்கேயே வேலை பார்க்கிறாள், அந்தக் குடும்பங்களின் மொழியிலேயே பேசுகிறாள்.

நான் படித்தது சென்னையில். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க். களப்பணி நாட்களில் எழும்பூரிலிருந்து பஸ் பிடித்து வியாசர்பாடிக்குப் போவோம். தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்கள், லாரி வரும்வரை எங்களிடம் மனம் விட்டுப் பேசுவார்கள். லாரி வந்ததும் பேச்சு பாதியில் நின்றுவிடும். மீதியைக் கேட்க மறுவாரம் அதே நேரத்துக்குப் போய் நிற்பேன். மக்களின் நேரத்துக்கு நாம் போக வேண்டும் என்பது அங்கே பழகியது. பிறகு இந்த நாட்டுக்கு வந்தேன், பட்டத்தை மதிப்பீடு செய்துகொண்டேன், உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். நான் படித்த காலத்தில் இந்தியாவில் சமூகப் பணியாளருக்கு உரிமச் சட்டம் இருக்கவில்லை. அதனால் இங்கே உரிமம் என்ற ஏற்பாட்டை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. துயரத்தில் இருக்கும் மனிதர் தன் வீட்டுக் கதவைத் திறக்கிறார். உள்ளே வருபவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உரிமத்துக்கான வழி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் பட்டம் வாங்கிய கையோடு அசோசியேட்டாகப் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகு மேற்பார்வையில் 3,000 மணி நேரம், 104 வாரங்களுக்குக் குறையாமல். ஒவ்வொரு வாரமும் மேற்பார்வையாளரோடு தனியாக ஒரு மணி நேரம், அல்லது குழுவாக இரண்டு மணி நேரம். சட்டமும் அறநெறியும் பற்றி ஒரு தேர்வு, கடைசியில் மருத்துவச் சமூகப்பணித் தேர்வு. மற்றதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. நான் பேச வந்தது அந்த வாராந்திர ஒரு மணி நேரத்தைப் பற்றி.

எனக்கு வாய்த்த மேற்பார்வையாளர் பேசுவது குறைவு. கேஸ் ஃபைலை வாய்விட்டு வாசிக்கச் சொல்வார். அதில் எழுதப்பட்டவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார் என்று நினைத்து வாசிக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. ஒருநாள், பேரப்பிள்ளைகள் மூவரை வளர்க்கும் ஒரு பாட்டியின் ஃபைல் முந்தைய பணியாளரிடமிருந்து எனக்கு வந்திருந்தது. "ஒரே படுக்கையறை, இட நெருக்கடி, பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல" என்று வாசித்தேன். கை காட்டி நிறுத்தினார். "யார் எங்கே தூங்குகிறார்கள்?" என்றார். ஃபைலில் அது இல்லை. "போய்க் கேட்டு வா."

போனேன். படுக்கையறை முழுவதும் பிள்ளைகளுக்கு. பாட்டி, வாசல் கதவை ஒட்டிப் போட்ட சாய்வு நாற்காலியில் தூங்குகிறார். மூத்தவனுக்குத் தூக்கத்தில் எழுந்து நடக்கும் வழக்கம். அவன் கதவைத் தொட்டால் விழித்துக்கொள்ள வேண்டும் என்று தானே செய்த ஏற்பாடு. எந்த அதிகாரியும் சொல்லாமல், யாரிடமும் கேட்காமல், அந்த அம்மாள் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு ஒரு திட்டம் வைத்திருந்தார்! நீதிமன்றத்துக்குப் போன என் அறிக்கை அந்த நாற்காலியில்தான் தொடங்கியது. பிள்ளைகள் பாட்டியிடமே வளர்ந்தார்கள். ஒருவர் ஏற்கெனவே சரியாகச் செய்துகொண்டிருப்பதை முதலில் எழுது, குறையைப் பிறகு எழுது என்று என் மேற்பார்வையாளர் ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. கேள்வி கேட்டார், அனுப்பினார், திரும்பி வரும்வரை காத்திருந்தார்.

தேர்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேர்வை நடத்தும் சங்கம் 2022இல் தன் தரவை வெளியிட்டது. 2018 முதல் 2021 வரை, மருத்துவச் சமூகப்பணித் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறியவர்கள் வெள்ளையரில் ஏறத்தாழ 84 சதவீதம், கறுப்பினத்தவரில் 45 சதவீதம். ஒரே அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் படித்தவர்கள், ஒரே அளவு களப்பணி செய்தவர்கள். இவ்வளவு பெரிய இடைவெளியைத் தேர்வு எழுதியவர் தலையில் கட்ட நான் சம்மதிக்க மாட்டேன். இல்லினாய் மாநிலம் முதுகலை நிலை உரிமத்துக்குத் தேர்வையே எடுத்துவிட்டது. மற்ற மாநிலங்களும் யோசிக்கட்டும். அதுவரை உங்களில் யாருக்காவது முதல் முறை கைகூடவில்லை என்றால், தயவுசெய்து ஒதுங்கிப் போய்விடாதீர்கள். இன்று கட்டிப்பிடித்துக்கொண்ட அதே நண்பர்களைத் திரையில் திரும்பக் கூப்பிட்டுச் சேர்ந்து படியுங்கள். இரவு பத்து மணிக்குச் சேர்ந்து படிப்பது உங்களுக்குப் பழக்கம்தானே.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. வேலை பார்க்கும் நிறுவனத்தில் தகுதியான மேற்பார்வையாளர் இல்லாததால், சொந்தப் பணத்தைக் கொடுத்து அந்த ஒரு மணி நேரத்தை வாங்கும் இளையவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். கல்விக் கடன் ஒரு பக்கம், குறைந்த சம்பளம் ஒரு பக்கம், இது வேறு. இதில் சலித்துப்போய்த் தொழிலை விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் விட்டுப்போன இடத்தில் எத்தனை பாட்டிகளின் ஃபைல்கள் யாரும் வாய்விட்டு வாசிக்காமல் கிடக்கின்றனவோ!

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. கலிபோர்னியாவில் உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகள் பணி செய்து, 15 மணி நேரப் பயிற்சியும் முடித்தால் நீங்களே மேற்பார்வையாளர் ஆகலாம். ஆனதும், ஒருவரையாவது கட்டணம் வாங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவு தடையில்லை, வீடியோ அழைப்பில் செய்யலாம். அதில் உங்களைவிடத் தேர்ந்தவர் யார்? இந்த ஆண்டு என்னிடமும் இடம் இருக்கிறது. பள்ளத்தாக்கில் வேலைக்குச் சேர்ந்திருப்பவர்கள், மேற்பார்வைக்கு ஆள் கிடைக்காமல் இருந்தால், விழா முடிந்ததும் மேடைக்குப் பின்புறம் வந்து என்னைப் பாருங்கள்.