சும்மா இருக்கும் டிரான்ஸ்பார்மர்



இரவு நேரத்தில் ஊர் உறங்குகிறது. வயல் மோட்டார்கள் நின்றுவிட்டன. வீடுகளில் விளக்கு இல்லை. ஆனால் டிரான்ஸ்பார்மர் மட்டும் 'உம்' என்று முனகிக்கொண்டே இருக்கிறது. யாரும் மின்சாரம் எடுக்காதபோது அதற்கு என்ன வேலை?

டிரான்ஸ்பார்மருக்குள் இரும்புத் தகடுகளின் அடுக்கு இருக்கிறது. அதைச் சுற்றிக் கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒரு பக்கச் சுருளுக்கு 11,000 வோல்ட் மின்சாரம் வருகிறது. அது இரும்பைக் காந்தமாக்குகிறது. காந்தத்தின் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் மறுபக்கச் சுருளில் குறைந்த வோல்ட் மின்சாரம் உண்டாகிறது. அதுவே வீட்டுக்கு 230 வோல்ட்டாக வருகிறது. மாறும் காந்தம் மின்சாரம் தரும் என்பதை 1831-ல் மைக்கேல் பாரடே கண்டுபிடித்தார்.

இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் மாறுகிறது. அதனால் இரும்புத் தகடுகள் நொடிக்கு 100 முறை மிக நுட்பமாக அதிர்கின்றன. அதுதான் அந்த முனகல்.

அரவை மில்லில் நெல் போடாவிட்டாலும், எஞ்சின் ஓடினால் டீசல் செலவாகும். டிரான்ஸ்பார்மரும் அப்படித்தான். ஊரில் ஒரு பல்பு கூட எரியாவிட்டாலும், இரும்பைக் காந்தமாக்கக் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். அது இரும்பில் வெப்பமாகி வீணாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்படி வீணாவது 200 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 வாட் ஒரு மணி நேரம் செலவானால் அது 1 யூனிட். 200 வாட் 24 மணி நேரத்தில் 4.8 யூனிட் ஆகும். 30 நாளில் 144 யூனிட். ஒரு வருடத்தில் 1,752 யூனிட். இது ஒரே ஒரு டிரான்ஸ்பார்மரின் கணக்கு. நாடு முழுவதும் எத்தனை டிரான்ஸ்பார்மர்கள்!

இந்த இழப்பைக் குறைக்கவே இரும்பைக் கட்டியாக வைக்காமல், சிலிக்கான் கலந்த மெல்லிய தகடுகளாக அடுக்குகிறார்கள். 'அமார்பஸ்' என்ற புது வகை உலோகத் தகட்டில் இழப்பு இன்னும் குறைவு.

பண இழப்பை விடப் பெரியது உயிர் இழப்பு. "வீட்டில் கரண்ட் இல்லை, பியூஸ் போய்விட்டது. எனவே டிரான்ஸ்பார்மரிலும் கரண்ட் இருக்காது" என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறு. ஊருக்குப் போகும் பக்கத்துப் பியூஸைப் பிடுங்கினாலும், மேலே 11,000 வோல்ட் அப்படியே இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். மிக நெருங்கினாலே மின்சாரம் பாய்ந்து ஆளைக் கொல்லும்.

முனகல் கேட்கவில்லை என்றாலும் நம்பக் கூடாது. நின்ற மின்சாரம் எந்த நிமிடமும் திரும்பி வரும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கரண்ட் இல்லாதபோது சிலர் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் நேராக இணைக்கிறார்கள். மெயினை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் டிரான்ஸ்பார்மருக்குப் பின்னோக்கிப் போகும். அங்கே அது ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயரக்கூடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் அதற்குப் பலியாகலாம்.

ஆகவே டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் ஆடு மாடு கட்டாதீர்கள். துணி உலர்த்தாதீர்கள். குழந்தைகளை அருகில் விளையாட விடாதீர்கள். பியூஸ் போட நீங்களே ஏறாதீர்கள். 1912 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மின்வாரிய ஊழியர் வரும்வரை காத்திருங்கள்.

ஒரு மணி நேர இருட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். போன உயிர் திரும்பி வராது.