தீட்டும் கிருமியும்



நினைவுச் சொற்பொழிவில் மருத்துவமனைத் தரையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். அந்தத் தரையைத் துடைக்கும் கைகளில் பெரும்பாலானவை நம் அம்மாக்களின், அக்காக்களின் கைகள். ஆகவே பேசுவோம்.

1927 மார்ச்சில், மகாடு சவுதார் குளத்தில் அம்பேத்கரோடு நம் மக்கள் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் ஊற்றி அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். தீட்டு ஆளைப் பார்க்கிறது. வைரஸ் ஆளைப் பார்ப்பதில்லை. கட்டில் கம்பி, கதவுப் பிடி, சுவிட்ச் எனக் கை படும் இடமெல்லாம் அது ஒட்டியிருக்கும்.

அதை அழிப்பதற்குக் கணக்கு உண்டு. முதலில் சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும். ரத்தமும் சளியும் படிந்திருந்தால் மருந்தின் வீரியம் அதிலேயே தீர்ந்துபோகும். பிறகு 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட். கையில் இருப்பது 5 சதவீதம் என்றால், ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். துடைத்த இடம் 10 நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும். கொழுப்பு உறை கொண்ட கொரோனா வைரஸ் எளிதில் சிதையும். உறையில்லாத நோரோ வைரஸ் ஆல்கஹாலுக்கு அவ்வளவு எளிதில் மசியாது. ப்ளீச்சிங்கோடு ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். துடைப்பவரின் நுரையீரல்தான் முதலில் வேகும்.

இது வேதியியல். இந்த அறிவை வாளி தூக்குபவருக்குச் சொல்லித்தந்தது யார்? ஒருவர் தலையில் மூன்று வார்டுகளைக் கட்டினால் அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வரும்? ஆள் எண்ணிக்கையும் கூலியும் தொற்றுத் தடுப்பின் பகுதிகள்தாம். அங்கே மிச்சம் பிடிக்கும் காசுக்கு நோயாளியும் சேர்ந்தே விலை கொடுக்கிறார்.

2020 மார்ச்சில், உத்தரப்பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களைச் சாலையில் உட்காரவைத்து இந்த மருந்தையே அவர்கள் மேல் பீய்ச்சியடித்தார்கள். மனிதர்மேல் தெளிப்பது தீங்கு என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரலில்தான் அறிவுறுத்தியது. கம்பியைத் துடைக்க வேண்டிய மருந்தை உழைப்பவர் உடம்பில் ஊற்றிய மனம், மகாடு குளத்தில் பானை கவிழ்த்த அதே மனம்.

மாணவர்களே, உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு வார்டுக்கு எத்தனை பணியாளர்? கையுறை தினமும் கிடைக்கிறதா? அளவுக் குவளை உண்டா? கலக்கும் முறை தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறதா? சம்பளம் ஒப்பந்ததாரரிடமா, அரசிடமா? கேட்டு எழுதுங்கள். அதை வைத்து நாம் கோரிக்கை வைப்போம்.

ஜெய் பீம்.