கணக்குக்குத் தலைப்பு முக்கியம்

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது பேரேட்டில் கோடு போட்டுத்தான் கணக்கு எழுதினார்கள். இன்று நம்ம ஜவ்வாது மலையில் அதையே கம்ப்யூட்டரில், எக்செல் தாளில் ஏற்றுகிறோம்.

முதல் வரிசை தலைப்புக்கு. பெயர், தேதி, சேமிப்பு, கட்டிய அசல், கட்டிய வட்டி, கடன் பாக்கி என்று தனித்தனியாகப் போடுவோம். அசலையும் வட்டியையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது.

ஏன்? 5,000 ரூபாய் கடன், மாதம் 100-க்கு 1 ரூபாய் வட்டி. ஒரு அக்கா முதல் மாதம் 550 கட்டுறாங்க. வட்டி 50, அசல் 500, பாக்கி 4,500. வெறும் 550-ன்னு எழுதிட்டா, சாமை வித்துக் கட்டின பணத்தில் கடன் எவ்வளவு குறைஞ்சதுன்னு அவங்களுக்கே தெரியாது.

கட்டத்துக்குள்ளே எண்ணோடு 'ரூபாய்'னு எழுதாதீங்க, கம்ப்யூட்டர் கூட்டாது.

மாதக் கூட்டத்தில் தலைப்பைப் படிச்சு, நம்ம பாக்கியை நாமே கேட்டுத் தெரிஞ்சுக்குவோம்.