மணமாகாத் தாயரின் இல்லங்கள்: நினைவுகளைத் திரட்டுதல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மணமாகாமல் தாயான பெண்கள் தங்கியிருந்த இல்லங்களின் நினைவுகளை எவ்வாறு திரட்டுவது என்பது நான் எடுத்துக்கொண்ட பொருள். விழா நாளில் பேசத்தக்க பொருளா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பத்தாண்டுகளாக இம்மேடையில் தாய்மையைப் போற்றிக் கவிதை படித்திருக்கிறோம். போற்றப்படாத தாயைப் பற்றி ஒரு நாளாவது பேசத்தான் வேண்டும்.

முதலில் புனே நகரம். காசிபாய் என்னும் பிராமணக் கைம்பெண், தான் பெற்ற குழந்தையைக் கொன்ற குற்றத்துக்காக அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். அதனால் மனம் வருந்திய ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும், கருவுற்ற கைம்பெண்கள் மறைவாக வந்து பிள்ளை பெற்றுச் செல்ல 1863இல் தம் வீட்டிலேயே ஓர் இல்லம் தொடங்கினார்கள். 1884இல் ஜோதிராவ் எழுதிய கடிதம் ஒன்று கணக்குச் சொல்கிறது. அதுவரை வந்தவர்கள் 35 பேர். பிழைத்த குழந்தைகள் 5. கருவை மறைக்கத் தாயர் உட்கொண்ட நச்சு மருந்துகளே ஏனைய குழந்தைகளைக் கொன்றன என்கிறார் அவர். அங்குப் பிறந்த யஷ்வந்தைத் தம்பதியர் மகனாக வளர்த்தனர், அவர் மருத்துவரானார். 1897இல் பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து அந்நோயாலேயே மறைந்த சாவித்திரிபாய், 1854இலேயே கவிதைத் தொகுதி வெளியிட்டவர். அத்தகைய வீட்டிலிருந்து வந்த கடிதமும் நமக்குத் தருவது எண்ணிக்கையைத்தான். அந்த 35 பேரின் சொல் அதில் இல்லை.

இரண்டாவது, அயர்லாந்தின் டூவம் என்னும் சிற்றூர். 1925 முதல் 1961 வரை அங்குக் கன்னியர் நடத்திய தாய்-சேய் இல்லம் ஒன்று இருந்தது. அவ்வில்லத்துப் பிள்ளைகள் பள்ளிக்குத் தாமதமாக வந்து, மற்றவர்களுக்கு முன்பே அனுப்பப்படுவார்கள். கேதரின் கோர்லெஸ் என்னும் சிறுமி, வெறும் மிட்டாய்த் தாளை மிட்டாய்போல் மடித்து அவர்களுள் ஒரு குழந்தையிடம் கொடுத்து ஏமாற்றினாள். அந்த உறுத்தல் அவரை முதுமை வரை விடவில்லை. பழைய பதிவேடுகளைத் தேடினார். இறப்புச் சான்றுகளைத் தம் கைப்பணத்தில் பெற்றார். 796 குழந்தைகளின் பெயர் கிடைத்தது. 2012இல் அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது பெரிய ஏட்டில் அன்று. உள்ளூர் வரலாற்றுக் கழகம் ஒன்றின் இதழில்தான். நம்முடையதைப் போன்ற அமைப்பு அது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

பின்னர் அரசு ஆணையம் அமைத்தது. 2021 ஜனவரியில் அறிக்கை வந்தது. 18 நிறுவனங்களில் ஏறத்தாழ 9,000 குழந்தைகள் இறந்ததாக அது கூறிற்று. நாட்டின் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் சாட்சியம் அளித்த 550 பேருள் பலர், அறிக்கையைப் படித்துவிட்டு, "இது நான் சொன்னது அன்று" என்றார்கள். அவர்களுடைய ஒலிப்பதிவுகள் அழிக்கப்பட்டிருந்ததும் தெரியவந்தது. காப்புப் படிகளிலிருந்து பிறகு மீட்டார்கள். நினைவைக் கேட்டு வாங்கியவர்களே அதைத் திரித்தும் தொலைத்தும் விடக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம் தமிழிலும் இதற்குப் பழைய எச்சரிக்கை உண்டு. மணிமேகலையில் வாரணாசிப் பெண் சாலி, நெறி பிறழ்ந்து கருவுற்று, குமரியாடப் போகும் வழியில் ஈன்ற மகவைத் தோட்டத்தில் விட்டுச் செல்கிறாள். பசு பாலூட்டிய அக்குழந்தையே ஆபுத்திரன். அவள் தன் துயரை ஓர் அந்தணரிடம் சொல்கிறாள். அவரோ, பல்லாண்டுக்குப் பின் அதை ஊரார் நடுவே எடுத்துச் சொல்கிறார். சொன்னது பொய்யன்று. ஆனால் அந்த மெய் ஆபுத்திரனை வளர்த்த வீட்டிலிருந்தே துரத்திற்று.

அன்பர்களே, அந்த அந்தணரின் பிழையை நானும் செய்தேன். நம் ஊர்ப் பீங்கான் கூடத்தில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிவந்த மூதாட்டி ஒருவர், இளமையில் ஓர் இல்லத்தில் இருந்ததைப் பல மாலைகளில் எனக்குச் சொன்னார். குழந்தையை எடுத்துச் சென்ற காலையில் தம்மைத் துணி துவைக்க அனுப்பிவிட்டார்கள் என்றார். பெயரை நீக்கி, நான் அதைக் கவிதையாக்கி இவ்வட்டத்தில் படித்தேன். கைதட்டல் நன்றாகவே இருந்தது. ஆனால் துவைகல்லையும் பொம்மையையும் நீக்கவில்லை. சில நாளில் அவர் மகன் என் வீட்டுக்கு வந்து, "அது எங்க அம்மாவா சார்?" என்று கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை. அதன்பின் நான் போனபோதெல்லாம், "வேலை இருக்கு தம்பி" என்பதோடு அம்மையார் நிறுத்திக்கொண்டார்.

ஆகவே திரட்டவே கூடாது என்பதில்லை. 1992இல் பெண்சிசுக் கொலையைத் தடுக்கச் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம், 2011இல் நம் கடலூர் மாவட்டத்துக்கும் விரிவாக்கப்பட்டது. தாயின் பெயரைக் கேளாமல் குழந்தையை ஏற்பதே அதன் அறம். அந்த மறைவு உயிர் காத்தது. அதே மறைவு தாயின் சொல்லையும் மூடிற்று. தத்துப்போன பிள்ளைகள் வளர்ந்து தம் வேரைத் தேடி வருகிறார்கள். ஒருவர் தேடும் உரிமைக்கும் மற்றவர் மறைந்திருக்கும் உரிமைக்கும் நடுவில் நாம் நடக்க வேண்டியிருக்கிறது.

சுந்தரர் நம் மணிமுத்தாற்றில் பொன்னை இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது நாம் அறிந்த வரலாறு. இடுமுன் மச்சமாகச் சிறிது பொன்னை வெட்டி வைத்துக்கொண்டார். எடுத்த பொன்னை அதனோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. பல்லாண்டு கழித்து எடுக்கும் நினைவுக்கும் உரைகல் வேண்டும். ஊரையும் ஆண்டையும் பதிவேட்டோடு ஒப்பிடலாம். வலியை உரைத்துப் பார்க்கும் மச்சம் சொன்னவரிடம் மட்டுமே இருக்கிறது. எழுதியதை முதலில் அவருக்கே படித்துக் காட்டுவோம். வேண்டாம் என்றால் கிழித்துவிடுவோம். பிறர் படிக்கும் காலத்தை அவரே குறிக்கட்டும்.

அந்தக் கவிதையை இம்மலரில் சேர்க்கக் கேட்டார்கள். சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்தப் பக்கத்தில்தான் இவ்வுரை அச்சாகிறது.